பத்துமலைக்குப் போகும் வழியில் ஓர் அரங்கம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் வகுப்பு வாசலில் நின்று கேட்பார்கள்: "டீச்சர், பிள்ளைங்கள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும். எங்க போலாம்?" நாமும் பத்துமலை, மிருகக்காட்சிசாலை, போர்ட்டிக்சன் கடற்கரை என்று சொல்லி வைப்போம். நாடகம் பார்க்கப் போங்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. சொன்னாலும், "அதெல்லாம் பெரிய ஆளுங்க போற இடம் டீச்சர்" என்ற பதில்தான் வரும்.

அந்தப் பதிலுக்கு நாம் என்ன சொல்லலாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று எந்தத் தோட்டப் பக்கம் நீங்கள் கற்பித்தாலும் இது உங்களுக்கு உதவும்.

அந்த இடம் யாருடையது?

சிரம்பானிலிருந்து பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் ரயில், பத்துமலைக்குச் சில நிலையங்களுக்கு முன்பு செந்தூலில் நிற்கும். தைப்பூசத்துக்குப் போகும் நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் அதைத் தாண்டித்தான் போகின்றன. அந்த நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில், செந்தூல் பூங்காவுக்குள் இருக்கிறது கோலாலம்பூர் நிகழ்கலை மையம். 'கேஎல்பேக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

2003ஆம் ஆண்டு திடீர் வெள்ளத்தில், மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் இருந்த ஆக்டர்ஸ் ஸ்டூடியோ நாடக அரங்கு அழிந்துபோனது. அதை நடத்திவந்த ஃபரிடா மெரிக்கான், ஜோ ஹாஷாம் இருவரும், வை.டி.எல். நிறுவனமும் யாயாசான் புடி பென்யாயாங் அறவாரியமும் கைகோக்க, 2005இல் செந்தூலில் இந்த மையத்தைத் திறந்தார்கள். புதிதாக நிலம் தேடிக் கட்டவில்லை. ரயில்வேயின் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் சுவர்களை வைத்துக்கொண்டே கண்ணாடியும் இரும்பும் சேர்த்து எழுப்பினார்கள்.

செந்தூல் ரயில்வே பட்டறை என்றாலே நம் ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த எத்தனையோ பேர் அங்கே வேலை செய்தவர்கள். ஆகவே "பெரிய ஆளுங்க போற இடம்" என்று சொல்லும் அப்பாவிடம் நாம் சொல்லலாம்: "அண்ணே, அது நம்ம ஆளுங்க வேலை செஞ்ச ரயில்வே இடம்." இந்த ஒரு வாக்கியம் பாதித் தயக்கத்தைப் போக்கிவிடும்.

'குடும்பத்துக்கு ஏற்றது' என்றால் என்ன?

விளம்பரத்தில் இப்படிப் போட்டிருப்பதை மட்டும் நம்பி டிக்கெட் வாங்க வேண்டாம். பெற்றோர் ஐந்து விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. வயது வரம்பு. இது அரங்குக்கு அரங்கு, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். வாசலில் கைக்குழந்தையோடு திருப்பி அனுப்பப்பட்டால் அந்தக் குடும்பம் மறுபடி வராது.

2. நேரம். எத்தனை நிமிடம், இடையில் இடைவேளை உண்டா? ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரமே தாராளம்.

3. மொழி. கேஎல்பேக்கில் ஆங்கில, மலாய் நாடகங்கள்தான் மிகுதி. முதல் முறை போகிறவர்களுக்கு நடனம், இசை, பொம்மலாட்டம் நல்லது. அவற்றில் மொழி தடையாகாது.

4. சத்தம், இருட்டு, புகை. பயப்படும் பிள்ளைக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

5. செலவு. மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா என்று கேளுங்கள். இலவச நிகழ்ச்சிகளும் உண்டு. கேஎல்பேக் நடத்திவந்த 'திறந்த நாள்' நிகழ்ச்சிகளில் கட்டணம் இல்லாமலே கட்டடம் முழுதும் சுற்றிப் பார்க்கலாம். முதல் வருகைக்கு அதுபோன்ற நாளே சிறந்தது.

உடையையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரட்டைக் கோபுரத்தில் 1998இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்தில் உடைக் கட்டுப்பாடு உண்டு. குடும்பங்களுக்கென்றே தனி இசை நிகழ்ச்சிகளும் அங்கே நடந்திருக்கின்றன. பரதம், கர்நாடக இசை என்றால் பிரிக்பீல்ட்ஸில் 1981இல் தொடங்கப்பட்ட டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

தோட்டத்துக் கூத்தும் நகரத்து அரங்கும்

இதுதான் முக்கியமான இடம். நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் கலை அறியாதவர்கள் அல்லர். தோட்டத்துக் கோயில் திடலில் காமன் கூத்து, அரிச்சந்திரன், பொன்னர் சங்கர் எல்லாம் விடிய விடியப் பார்த்தவர்கள். அங்கே பாய் விரித்து உட்காரலாம். குழந்தைக்குச் சோறு ஊட்டலாம். தூக்கம் வந்தால் அங்கேயே தூங்கலாம். அரிச்சந்திரன் அழும்போது கூடவே அழலாம், வில்லனைத் திட்டலாம். யாரும் "உஷ்" என்று சொல்லமாட்டார்கள்.

நகரத்து அரங்கில் எல்லாம் வேறு. சொன்ன நேரத்துக்குத் தொடங்குவார்கள். தாமதமாக வந்தால், சரியான இடம் வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். சாப்பிடக் கூடாது, கைத்தொலைபேசியை அணைக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் இதை 'ஒழுக்கம்' என்று சொல்லாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். சில நிகழ்ச்சிகளில் ஒலிவாங்கியே இருக்காது. வயலினின் மெல்லிய ஓசையும் நடிகரின் மூச்சும் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். மேடையில் கதை சொல்வதில் பாதி விளக்குதான். இருட்டில் ஒரு கைத்தொலைபேசி மின்னினாலும் அது கெட்டுவிடும். காரணம் தெரிந்த பிள்ளை தானாகவே அமைதியாக இருப்பான். காரணம் தெரியாத பிள்ளை, "நமக்குப் பழக்கம் தெரியல, அதான் திட்டுறாங்க" என்று கூனிக் குறுகிப் போவான்.

இன்னொன்றையும் சொல்லலாம். பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் இப்போது 'தளர்வான காட்சி' என்று தனியாக நடத்துகிறார்கள். விளக்கை முழுதும் அணைப்பதில்லை, சத்தத்தைக் குறைக்கிறார்கள், பிள்ளைகள் எழுந்து நடக்கலாம், பேசலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது பெரிய உதவி. யோசித்துப் பாருங்கள், எழுந்து நடக்கவும் பேசவும் உள்ள அந்தச் சுதந்திரம் நம் தோட்டத்துத் திடலில் எப்போதும் இருந்ததுதானே? ஆகவே நம் பிள்ளை பின்தங்கியவன் இல்லை. ஒரு வகை அரங்கின் விதி அவன் குடும்பத்துக்குத் தெரியும். இன்னொரு வகையைக் கற்றுக்கொள்ளப் போகிறான், அவ்வளவுதான்.

வகுப்பில் என்ன செய்யலாம்?

போவதற்கு முன்: வகுப்பு விளக்கை அணையுங்கள். ஒரு மாணவர் முன்னால் நின்று, கைவிளக்கு வெளிச்சத்தில், கத்தாமல் ஒரு கதை சொல்லட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு ஒருவரை மட்டும் காகிதத்தைக் கசக்கச் சொல்லுங்கள். எது காதில் விழுந்தது என்று கேளுங்கள். விதிமுறைப் பட்டியலைவிட இது நன்றாகப் பதியும்.

வந்த பின்: "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றுதான் வரும். "எந்த இடத்தில் விளக்கு மாறியது? அப்போது உனக்கு என்ன தோன்றியது?" என்று கேளுங்கள். கேட்டல் பேச்சுப் பாடம் அங்கேயே நடந்துவிடும்.

வீட்டில்: பாட்டியிடமோ தாத்தாவிடமோ, "நீங்க தோட்டத்துல என்ன கூத்து பாத்தீங்க?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதலாம். செந்தூலுக்குப் போக முடியாத பிள்ளையும் இதில் சேர்ந்துகொள்ள முடியும். அதனால் இந்தப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

இது ஏன் அவசரம்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பல குடும்பங்கள் லயங்களை விட்டுத் தாமான்களுக்குப் போய்விட்டன. பள்ளியின் பெயரில் 'லாடாங்' இருக்கிறது, சுற்றிலும் தோட்டம் இல்லை. கூத்து நடந்த திடலும் பல இடங்களில் இல்லை. ஆடுவதையும் பாடுவதையும் கைத்தொலைபேசியில் மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கு, எதிரே ஓர் ஆள் மூச்சு வாங்க நடிப்பது எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போகும்.

பள்ளிவழி அழைத்துச் செல்வதானால் அனுமதிக்கு முன்கூட்டியே எழுதுங்கள். குடும்பமாகப் போகிறவர்களிடம் இரவு கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதியக் காட்சி என்றால் கவலையே இல்லை. அடுத்த முறை பெற்றோர் வாசலில் வந்து கேட்டால், பத்துமலையோடு செந்தூலையும் சேர்த்துச் சொல்லுவோமே!