சீருடை அணியப் போகும் தாதிக்கு



திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த உங்கள் மகள் மூன்றாண்டுத் தாதிப் படிப்பை முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவும் பெற்றுவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். "இராணுவ மருத்துவமனைக்கு மனுப் போடப் போகிறேன், அம்மா" என்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

"பொம்பளைப் பிள்ளைக்குப் பட்டாளம் எதற்கு? தானா ராத்தா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் போதாதா?" என்றுதான் பல வீடுகளில் முதல் பேச்சு எழும். பெற்ற வயிறு அப்படித்தான் பதறும்; அதில் தவறில்லை. ஆனால் முடிவு சொல்வதற்கு முன், நம் பெண்கள் இதே பணிக்குப் போன கதையையும், அந்தப் பணி கேட்கும் ஆயத்தத்தையும் சற்றுக் கேளுங்கள்.

பால்மரக் காட்டிலிருந்து பர்மாவுக்கு

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கென ஒரு படை அமைக்கப்போவதாக அறிவித்தார். அதுவே ஜான்சிராணிப் படை. அதற்குத் தலைமை ஏற்றவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் பட்டம் பெற்ற டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்து வந்தவர் அவர்.

1943 அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. வந்து சேர்ந்தவர்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைக் கண்ணால் கூடப் பாராதவர்கள்! அவர்களில் சுமார் 200 பேர் தாதிப் பயிற்சிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அந்தப் பிரிவுக்கு, அகமத்நகர்க் கோட்டையைக் காத்த வீராங்கனை சாந்த் பீவியின் பெயர் சூட்டப்பட்டது.

1944-ல் ஒரு பகுதியினர் பர்மாவிலுள்ள மேமியோ சென்றனர். இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. காயம் பட்டவர்களும், மலேரியாவாலும் சீதபேதியாலும் பசியாலும் துவண்டவர்களும் திரும்பி வந்தனர். மருந்து போதவில்லை. துப்பாக்கி பிடிக்கப் பழகிய கைகள் அங்கே புண் கழுவின, கஞ்சி ஊட்டின.

கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் அப்படையின் தளபதிகளில் ஒருவர். 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட நேர்ந்தபோது, வானூர்திக் குண்டுகளுக்குத் தப்ப இரவில் நடந்து, ஆறு கடந்து, பாங்காக் வந்து சேர்ந்த பெண்களில் அவரும் இருந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரில் நம் நாட்டின் மேலவை உறுப்பினரானார். 2000-ல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2014-ல் காலமானார்.

இன்றைய ஆயத்தம்

அன்றைய பெண்களுக்குச் சில மாதப் பயிற்சியே கிடைத்தது. உங்கள் மகளுக்கோ முறையான படிப்பு, தேர்வு, பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தொழிற்சான்று எல்லாம் உண்டு. கோலாலம்பூரின் துவாங்கு மிசான், மலாக்காவின் தெரெண்டாக், பேராக்கின் லூமுட் ஆகிய இடங்களில் இராணுவ மருத்துவமனைகள் இருக்கின்றன. போர்க்களம் மட்டுமே பணிக்களம் என்று எண்ண வேண்டாம். 2017 டிசம்பரில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரொஹிங்யா அகதிகளுக்காக மலேசியா ஒரு கள மருத்துவமனை திறந்தபோது, இராணுவ மருத்துவப் பிரிவினர் அங்கே பணியாற்றினர்.

சான்று கையில் வந்துவிட்டால் ஆயத்தம் முடிந்ததா? இல்லை, தங்கையே! இனி உன்னோடு பேசுகிறேன்.

முதலாவது, வரிசைப்படுத்தும் நிதானம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் காயத்தோடு வந்தால் யாரை முதலில் பார்ப்பாய்? அலறுகிறவனுக்கு அலற மூச்சு இருக்கிறது. சத்தமின்றி வெளிறிக் கிடப்பவனுக்கே ஆபத்து அதிகம் இருக்கலாம்.

இரண்டாவது, எழுதும் பழக்கம். இரத்தம் நிறுத்தக் கையில் இறுக்கிக் கட்டினால், கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் அடுத்து வரும் மருத்துவருக்கு அந்தக் கட்டு எவ்வளவு நேரமாக இருக்கிறதென்று தெரியாது. நோயாளி கையையே இழக்க நேரலாம்.

மூன்றாவது, பாரபட்சமற்ற மனம். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படி, காயம்பட்டவன் எதிரிச் சிப்பாயாக இருந்தாலும் உன் நோயாளியே. யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை அவன் காயம் சொல்லும். அவன் கொடி சொல்லாது.

நான்காவது, உடல் உறுதி. மேடு பள்ளம் ஏறி இறங்கிய கால்கள் உனக்குத் துணை. ஆனால் மலைக் குளிரில் வளர்ந்த உடம்பு மலாக்காக் கரையின் வெயிலுக்குப் பழக வேண்டும். இப்போதே தினமும் ஓடிப் பழகு. மலாய், ஆங்கிலம் இரண்டிலும் நோயாளியின் நிலையைத் தயங்காமல் சொல்லிப் பழகு.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும், எங்கெல்லாம் மாற்றுவார்கள், இடையில் விலகினால் என்ன ஆகும் என்று ஆட்சேர்ப்பு அதிகாரியிடம் நேரில் கேளுங்கள். மகளோடு நீங்களும் போங்கள், கேட்பதில் வெட்கமில்லை. பதில்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவள் அனுப்பும் முதல் சம்பளத்தைக் கணக்கிடுவதற்கு முன், இரவுப் பணி முடித்து அழுதுகொண்டே தொலைபேசியில் பேசும் நாளும் வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று "நான் அப்போதே சொன்னேனே" என்று குத்திக் காட்டாமல், "சாப்பிட்டாயா, அம்மா?" என்று கேட்கும் ஒரு குரல் வீட்டில் இருக்க வேண்டும்.

தோட்டத்து மிஸ்ஸி கொடுத்த மருந்தால் பிழைத்த பிள்ளைகள் நம் லயங்களில் எத்தனையோ பேர். அந்தக் கைங்கரியத்தைச் சீருடை அணிந்து செய்ய உங்கள் மகள் விரும்பினால், விசாரித்துப் பார்த்து, துணிவோடு வாழ்த்தி அனுப்புங்கள்.