பழம்பட்டினமும் புதிய பயணிகளும்

ஐரோப்பாவின் பழம்பட்டினங்களைக் காணவேண்டும் என்னும் ஆவல் இந்நாட்டவர் பலருக்கு உண்டு. மதில் சூழ்ந்த நகரம், ஒடுங்கிய வீதி, ஓடு வேய்ந்த வீடுகள், மணிக்கூட்டுக் கோபுரம் ஆகியவற்றைப் படங்களிற் கண்டு வியப்பவர்கள், அத்தகைய பட்டினம் ஒன்று இலங்கையிலேயே இருப்பதை மறந்துவிடுகின்றனர். கல்முனையிலிருந்து தெற்கே புறப்பட்டு, அக்கரைப்பற்று, பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, மாத்தறை வழியாகச் செல்வோர் ஒரு பகற்பயணத்தில் அதனை அடையலாம். அதுவே காலிக் கோட்டை.

காலித் துறையின் வரலாறு ஐரோப்பியருடன் தொடங்கியதன்று. 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, இவ்வூரைத் தம் பயணக் குறிப்பிற் குறித்துள்ளார். சீனக் கடற்றளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதியுடன் பொறிப்பித்த கல்வெட்டொன்று 1911ஆம் ஆண்டில் இங்கே கண்டெடுக்கப்பட்டது. அதிற் காணப்படும் மொழிகள் மூன்று: சீனம், பாரசீகம், தமிழ். வணிகர் கூடும் துறையில் எம்மொழிகள் வழங்கின என்பதற்கு அக்கல்லே சான்று. இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது.

போர்த்துக்கேயர் 1588ஆம் ஆண்டில் இங்கு அரண் அமைத்தனர். 1640இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 14 கொத்தளங்கள் கொண்ட பெருங்கோட்டையாக அதனை வளர்த்தனர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வரலாற்றைப் பழைய வாயில் ஒன்றிலேயே படிக்கலாம். அதன் வெளிமுகத்தில் ஆங்கில அரசின் இலச்சினை இருக்கிறது. உள்ளே புகுந்து திரும்பிப் பார்த்தால், ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையும், இரு சிங்கங்களும், அவற்றின்மேல் ஒரு சேவலும், 1669 என்னும் ஆண்டும் தோன்றும்.

வீதிகளின் பெயர்களும் பழங்கதை கூறுவன. கயிறு திரித்த இடம் ‘லெயின் பான்’ தெரு. சோனக வணிகர் நடமாடிய தெருவுக்கு அவர்கள் பெயரையே ஒல்லாந்தர் இட்டிருந்தனர். நிலத்தின் கீழ் ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்களோ இன்னும் வியப்புக்குரியன. கடல் பெருகும் நேரத்தில் நீரை உட்செலுத்தி, அந்நீரைக் கொண்டே அவற்றைக் கழுவினர். 1755இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் ஒரு புறம் நிற்க, மறு புறம் வெளிச்சவீட்டின் எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் நிற்கிறது. வெள்ளை முகப்பைக் கண்டு அதனைத் தேவாலயம் என மயங்குவோர் உண்டு.

இத்துணைப் பழமை எவ்வாறு அழியாது நின்றது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அலைதாங்கி கட்டப்பட்டுப் புதிய துறைமுகம் உருவாயிற்று. கப்பல்கள் அங்கே திரும்பின. காலியில் வாணிகம் குன்றியது. பழைய வீட்டை இடித்துப் புதிய மாளிகை எழுப்பும் தேவை அங்கு எவருக்கும் இருக்கவில்லை. ஊருக்கு நேர்ந்த நலிவே கட்டடங்களுக்குக் காப்பாயிற்று. 1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கோட்டையையும் பழம்பட்டினத்தையும் உலக மரபுரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது.

அதன்பின் வந்தவர்கள் உல்லாசப் பயணிகள். மாலை வேளையில் மதில்மேல் நடந்தால், பல நாட்டு மொழிகளைக் கேட்கலாம். கீழ் மாகாணத்திலிருந்து பிள்ளைகளுடன் சென்ற குடும்பம் ஒன்று அங்கே நின்று வெளிச்சவீட்டைப் படம் எடுக்கும். அதே வேளையில் ஐரோப்பியப் பயணி ஒருவர் அக்குடும்பத்தையே படம் எடுப்பார். காண வந்தவர்களே காட்சியாகிவிடுவர்! கேளாமல் எடுத்த படம் அவர்களுக்குச் சிறிது கூச்சத்தைத் தரும். அக்கூச்சத்தை ஆண்டு முழுவதும் அனுபவிப்பவர்கள் கோட்டைக்குள் வாழும் மக்கள்.

ஏனெனில், காலிக் கோட்டை வெறும் நூதனசாலையன்று, குடியிருக்கும் ஊர். அங்கே பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனர். தொழுகைக்கு அழைப்பு ஒலிக்கிறது. தலைமுறைகளாக வாழ்ந்த சோனகக் குடும்பங்கள் பல அங்கு உள்ளன. எனினும் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலந்தொட்டு, வெளிநாட்டவரும் செல்வரும் பெருவிலை கொடுத்து வீடுகளை வாங்கலாயினர். வீடுகள் விடுதிகளாயின, திண்ணைகள் கடைகளாயின. விற்றவரைக் குறைகூற இயலாது. பழைய வீட்டைப் பேணும் செலவு பெரிது. கிடைத்த விலையும் பெரிது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் எழுந்தபோது, காலி நகரின் புதிய பகுதி பேரழிவுக்கு உள்ளாயிற்று. கோட்டைக்குள் இருந்தோரைப் பழைய மதிலே காத்தது. அலையைத் தடுத்த அம்மதிலால் விலையைத் தடுக்க இயலவில்லை.

இதன் முடிவு எதுவாகக் கூடும் என்பதற்கு இத்தாலியின் வெனிஸ் ஓர் எடுத்துக்காட்டு. 1951ஆம் ஆண்டளவில் அத்தீவுப் பட்டினத்தில் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கியது. 2024ஆம் ஆண்டு முதல், குறித்த சில நாட்களில், பகற்பொழுதுக்கு மட்டும் வந்து செல்வோரிடம் நுழைவுக் கட்டணமும் அறவிடப்படுகிறது. மாளிகைகள் நிற்கின்றன, வாழ்ந்தவர்கள் அகன்றுவிட்டனர்.

அம்பாறைக் கரையோர மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. அதே கடற்கோளில் இம்மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகப் பெரிய உயிரிழப்பு இங்கேதான் நேர்ந்தது. அதன்பின் அறுகம்பையை உல்லாசப் பயணத்துக்கென மாற்றியமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டபோது, தோணி இழுத்துவைக்கும் கரை தமக்கு எஞ்சுமோ என மீனவர் அஞ்சினர். இன்றும் சித்திரை, வைகாசி தொடங்கி ஐப்பசி வரை அலைச்சறுக்கு வீரர் உலகெங்குமிருந்து பொத்துவிலுக்கு வருகின்றனர். விடுதியும் உணவுக்கடையும் முச்சக்கர வண்டியும் பலருக்குப் பிழைப்பளிக்கின்றன. பயணி வேண்டாம் என்பது அறிவுடைமையாகாது. கரையும் காணியும் ஊரார் கையில் இருக்கும் வரையே அவ்வருவாய் ஊராருடையது.

காலியில் விருந்தினராக நிற்பவரே பொத்துவிலில் வீட்டுக்காரர். ஆதலால் இரு பக்கத்துக் கடமையும் அவருக்குப் புரியும். படம் எடுக்குமுன் அனுமதி கேட்பதும், தொழும் இடத்திலும் வாழும் தெருவிலும் அடக்கமாக நடப்பதும், ஊராரின் கடையிற் பொருள் வாங்குவதும் விருந்தினர் கடமை. வருவோரை முகமலர்ந்து வரவேற்பதும், தமது வழக்கத்தை மறைக்காது பண்புடன் எடுத்துரைப்பதும், நிலத்தை விற்றுவிடாது அதிலிருந்து பயன் பெறுவதும் வீட்டுக்காரர் கடமை. இவ்விரண்டும் கூடினால், பழம்பட்டினமும் நிலைக்கும். அதில் வாழ்வோரும் நிலைப்பர்.