வார்டுக்கு ஆள் இல்லாத மே மாதம்

2021 ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் தொற்று உறுதியாகிக்கொண்டிருந்தது. அரசு ஒதுக்கீட்டில் ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்க மூச்சுத்திணறல் மட்டும் போதவில்லை, ‘பி.யு. நம்பர்’ என்ற நோயாளி எண் வேண்டியிருந்தது. பரிசோதனை முடிவு கணினியில் ஏறினால்தான் அந்த எண் வரும். ஆய்வகங்களில் மாதிரிகள் தேங்கிக் கிடந்ததால் முடிவு வருவதற்குள் நாட்கள் ஓடின. கையில் சி.டி. ஸ்கேன் இருக்கும், விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 85 காட்டும், எண் மட்டும் வந்திருக்காது. 1912 என்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டால் லைன் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் எதிர்முனையில் இருப்பவருக்கு அந்தத் தெரு தெரியாது, அந்த வீடு தெரியாது.

ஏழு மாதம் முன்பு வரை அப்படியொரு குடும்பம் ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. அது கார்ப்பரேட்டர் வீட்டு வாசல். 2020 செப்டம்பர் 10-ஆம் தேதி 198 வார்டு கவுன்சிலர்களின் பதவிக்காலமும் ஒன்றாக முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. பொறுப்பு நிர்வாக அதிகாரியிடம் போனது. பெருந்தொற்றின் மிகக் கொடிய வாரங்களை, ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊர் மாமன்றமே இல்லாமல் கடந்தது. பெருந்தொற்றில் உள்ளாட்சி எப்படி இயங்கியது என்று பேச வருகிறவர்கள் கட்டுப்பாட்டு அறை, செயலி, ட்ரோன் என்று அடுக்குகிறார்கள். அந்த 198 வாசல்களும் அடைபட்டுக் கிடந்ததை முதலில் பேச வேண்டும் என்பது என் கட்சி.

கவுன்சிலர் டாக்டர் இல்லை. எல்லாக் கவுன்சிலரும் உத்தமர் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ ஈஜிபுராவிலோ எந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் திரும்பும், எந்த மாடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் நேற்று இருமல் சத்தம் கேட்டது என்பதெல்லாம் அவருக்கோ அவரைச் சுற்றியுள்ள பையன்களுக்கோ தெரிந்திருக்கும். முதல் ஊரடங்கில் ரேஷன் பை வந்த வீடு எது, வராத வீடு எது என்று அவரை நிறுத்திக் கேட்க முடிந்தது. அடுத்த தேர்தலில் ஓட்டு கேட்டு வர வேண்டியவர் என்பதால் அவரும் நின்று பதில் சொன்னார். மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

தொற்றுக் காலத்தில் தேர்தல் எப்படி நடத்துவது என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இதே நகரத்துக்குள் ராஜராஜேஸ்வரி நகர் சட்டமன்றத் தொகுதிக்கு 2020 நவம்பர் 3-ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. அடுத்த மாதம் கர்நாடகம் முழுக்க கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் இரண்டு கட்டமாக நடந்தது. இரண்டாம் அலை உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த 2021 ஏப்ரல் 27-ஆம் தேதி பல்லாரி மாநகராட்சிக்கு வாக்குப்பதிவு நடந்தது. பெங்களூரில் மட்டும் வார்டுகளை 198-லிருந்து 243 ஆக்குவது, எல்லை, இடஒதுக்கீடு, வழக்கு என்று இழுத்துக்கொண்டே போனது. ஆறு வாரத்தில் தேர்தல் நடவடிக்கையைத் தொடங்கச் சொல்லி உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றத்தில் அதற்குத் தடை வந்தது. இத்தனைக்கும் மாநகராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுதான், அது முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 243யு பிரிவு.

கூட்டம் போட முடியாது என்பதும் சரியில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், இதே மாநகராட்சி காணொளி வழியாகவே பட்ஜெட் போட்டது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் 2021 மே வரை உள்ளாட்சி மன்றங்கள் வீட்டிலிருந்தபடியே கூடலாம் என்று விதி வகுத்துக் கொடுத்தார்கள். பெங்களூரின் 2021 பட்ஜெட் அதிகாரிகள் மட்டத்திலேயே முடிந்தது. எந்த வார்டுக்கு எத்தனை ரூபாய் என்று எழுந்து சண்டை போட அந்த அவையில் ஒருவரும் இல்லை.

முடிவெடுக்கும் வேகத்துக்கு அதிகாரி ஆட்சிதான் சரி என்று ஒரு வாதம் இருக்கிறது. சில நாட்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். எட்டு மண்டலங்களிலும் இரவு பகலாக உழைத்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். முகக்கவசத்தையும் கையுறையையும் கேட்டு வாங்க வேண்டிய நிலையிலும் துப்புரவுப் பணியாளர்களான பௌரகார்மிகர்கள் விடிவதற்கு முன்பே துடைப்பத்தோடு தெருவில் இறங்கினார்கள். ஆஷா சுகாதாரப் பணியாளர்களான பெண்கள் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். மின் தகன மேடைகள் போதாமல் நகருக்கு வெளியே தாவரெகெரேயிலும் கிட்டேனஹள்ளியிலும் திறந்தவெளியில் சிதை அடுக்கியபோது, அங்கே நின்று எரித்தவர்களும் கடைநிலை ஊழியர்கள்தான். அவர்களுக்கும் தெருவுக்கும் நடுவில் பேச ஒரு பிரதிநிதி இல்லாததுதான் என் வருத்தம்.

2021 மே மாதம் வார்டு அளவில் குழுக்கள் போட்டார்கள். நோயாளியை வீட்டிலேயே பார்த்து, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, யாரை வீட்டில் வைப்பது என்று பிரிக்கிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, பல வார்டுகளில் குடியிருப்போரும் தன்னார்வலர்களும் சேர்ந்து உழைத்தார்கள். ஆனால் அது வந்தபோது அலை உச்சியில் இருந்தது. வார்டு கமிட்டிக்குக் கவுன்சிலர்தான் தலைவர்; அவர் போன பிறகு அந்த நாற்காலியில் நோடல் அதிகாரி. தன் வழக்கமான வேலையோடு இதையும் சுமந்த அவரிடம் தெருவின் கதையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேரளத்தில் 2020 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலை முடித்துவிட்டார்கள். இரண்டாம் அலை வந்தபோது புதிய வார்டு மெம்பர்கள் துரித நடவடிக்கைக் குழுக்களோடு களத்தில் இருந்தார்கள். நம் சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2016 அக்டோபரில் போன கவுன்சிலர்கள் 2022 பிப்ரவரி தேர்தலுக்குப் பிறகே திரும்பினார்கள். பெங்களூரில் 2025 செப்டம்பரில் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தபோதும் மாமன்றம் இல்லை.

அடுத்த தொற்று நம் தேர்தல் அட்டவணையைப் பார்த்து வராது. ஐந்து மாநகராட்சிகளிலும் ஒவ்வொரு வார்டுக்கும் அங்கேயே வசிக்கும் பத்துப் பேர் கொண்ட கமிட்டியை இப்போதே அமைக்கலாம். ஒரு ஆஷா, ஒரு பௌரகார்மிகர், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பெயரும் போன் நம்பரும் வார்டு அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும். எண் வராத நோயாளியை டாக்டரின் கையெழுத்தோடு நேராகப் படுக்கைக்கு அனுப்பும் அதிகாரமும் அந்தக் கமிட்டிக்கு வேண்டும். இதற்குத் தேர்தல் தேதி வரை காத்திருக்கத் தேவையில்லை.