காபியும் இரைப்பைப் புற்றும்

டபராவுக்கும் தம்ளருக்குமாக நுரை பொங்க ஆற்றிய காலைக் காபியைக் கையில் எடுக்கும்போதே, இது வயிற்றைப் புண்ணாக்கிப் புற்றில் கொண்டுபோய் விடுமோ என்று அஞ்சுகிறவர்கள் நம்மிடையே அநேகர். அந்த அச்சத்துக்கு ஆதாரம் போதாது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், 1991-இல் மூத்திரப்பைப் புற்றை முன்னிட்டுக் காபியின்மீது சந்தேகம் கொண்டதாயினும், 2016-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தபின், காபியைக் குற்றவாளியாக்கப் போதிய சாட்சியம் இல்லையென்று கண்டு அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டது. ஆனால் 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் பருகும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஏதுவாகக்கூடும் என்றும் அப்போதே தெரிவித்தது. ஆற்றிக் குடிக்கும் வழக்கம் எவ்வளவு நல்லது!

இரைப்பைப் புற்றின் பிரதான காரணமோ வேறு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் கண்டறிந்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் சுருள்வடிவக் கிருமி, இரைப்பையின் உட்சவ்வில் வருஷக்கணக்காகக் குடியிருந்து, அழற்சியை வளர்த்து, சுரப்பிகளை நலிவித்து, சிலருக்கு முடிவில் புற்றுக்கே வழிசெய்து விடுகிறது. வைத்திய உலகம் நம்ப மறுத்த அந்நாளில், 1984-இல், மார்ஷல் அக்கிருமி நிறைந்த திரவத்தைத் தாமே குடித்து, சில தினங்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியுமாக அவதியுற்றார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மிகுந்த உப்பிலிட்ட பண்டங்களும் புகைபிடித்தலும் இரைப்பைப் புற்றின் அபாயத்தைப் பெருக்குவன. காபியினால் சிலருக்கு நெஞ்செரிச்சல் உண்டாவது மெய்தான். ஆயினும் நாட்பட்ட வயிற்றுவலியோ, காரணமறியாத உடல்மெலிவோ, கறுத்த மலமோ கண்டால், காபியை நிறுத்திப் பார்ப்போம் என்று காலங்கடத்துவது பெரும் தவறு. கிருமி உண்டா இல்லையா என்பதை மூச்சைப் பரிசோதித்தே அறிந்துவிடலாம். இருந்தால் இரண்டு வார மருந்தில் பெரும்பாலோர்க்கு அது ஒழிந்துபோகும்.