படிப்புக்குப் பாஸ்போர்ட் கேட்பதா?

எழுமலையில் ஒரு புதுக் கட்டடம் எழும்புகிறது. சாரத்தில் நின்று நாலு பேர் பெயிண்ட் அடிக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் மேஸ்திரி கணக்குப் போடுகிறார். சதுர அடிக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று கூட்டுகிறார். கூட்டல் தப்பிவிடுகிறது. பெயிண்டர்களில் ஒருவர், நாற்பதை எட்டப்போகிறவர், தாளும் பென்சிலும் இல்லாமலே திருத்திச் சொல்கிறார்.

"எங்கப்பா படிச்சே?" என்கிறார் மேஸ்திரி.

"மன்னாரிலை ஐயா. ஏ.எல். கணிதம்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து பிரஷ்ஷப் பிடிச்சுக்கிட்டிருக்கே?"

அவர் சிரித்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். அவர் சொல்லாத பதிலை நாம் சொல்லியாக வேண்டும். அவருக்காக மட்டுமல்ல, நமக்காகவும்தான்.

2006இல் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கடலைப் படகில் கடந்து தனுஷ்கோடியில் இறங்கியவர் அவர். மண்டபம் முகாம், பிறகு திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டி முகாம். தேர்வு முடிவின் நகல் ஒன்று மடிப்பு மடிப்பாக அவரிடம் இருக்கிறது. மூலச் சான்று போரோடு போயிற்று. நகலை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்குப் போனார். "நம் பிளஸ் டூவுக்கு இது சமம் என்று எழுதி வாங்கி வா" என்றார்கள். எழுதித் தருகிற இடத்துக்குப் போனார். "மூலச் சான்று எங்கே? அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை எங்கே?" என்றார்கள். எந்தச் சர்க்காருக்கு அஞ்சி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாரோ, அந்தச் சர்க்காரின் வாசலில் போய் முத்திரைக்கு நிற்கச் சொன்னார்கள்! என்ன நியாயம் இது?

அவர் படித்தது என்ன சாமானியப் படிப்பா? க.பொ.த. உயர்தரம் என்பது இலங்கையில் 13 ஆண்டுப் பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் தேர்வு. நம் பிளஸ் டூ 12 ஆண்டுதான். பௌதிகமும் கணிதமும் அங்கே தமிழ் மாணவன் தமிழிலேயே படிக்கிறான், தமிழிலேயே எழுதுகிறான். 1970களில் "தரப்படுத்தல்" என்ற பெயரால், தமிழ் மாணவன் பல்கலைக்கழகம் புக வேண்டுமானால் மற்றவனைவிடக் கூடுதல் மார்க்கு வாங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அங்கே அவன் மார்க்கு செல்லவில்லை. கடல் தாண்டி இங்கே வந்தால் அவன் சான்று செல்லவில்லை. இரண்டு கரையிலும் ஒரே அடி!

இது ஒருவர் கதையல்ல. 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த இலங்கைத் தமிழர் 3 லட்சத்துக்கு மேல். 2021இல் மாநில அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், வெளியே 34,087 பேரும் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டுதான் "அகதிகள் முகாம்" என்ற பெயர் "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாறியது. முகாம் மாணவர்களுக்குக் கல்வி உதவித் தொகையும் உயர்ந்தது. நல்ல காரியங்கள், நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கே படிக்கும் பிள்ளைக்கு உதவி கிடைக்கிறது. அங்கே படித்துவிட்டு வந்த தகப்பனின் படிப்போ டிரங்குப் பெட்டியில் கிடந்து மக்குகிறது.

விதி இல்லையா? இருக்கிறது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு புதிய விதிகளை வெளியிட்டது. வெளிநாட்டில் 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பு முடித்தவனின் சான்றை இங்கே கல்லூரியில் சேரத் தகுதியாக ஏற்கலாம். மனுவுக்கு 15 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது விதி. மருத்துவம், நர்சிங், சட்டம் போன்ற படிப்புகள் அந்தந்த கவுன்சிலின் கையில். வரவேற்போம். ஆனால் விமானத்தில் போய்ப் படித்து, விமானத்தில் திரும்பி வருகிறவனை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. அவன் பெட்டியில் எல்லாக் காகிதமும் இருக்கும். படகில் வந்தவன் பிள்ளையைத் தூக்கினானா, பத்திரத்தைத் தூக்கினானா? 1981இல் யாழ்ப்பாணத்தில் ஊருக்குப் பொதுவான நூலகத்தையே கொளுத்தினார்கள். வீட்டு அலமாரியில் இருந்த சான்றிதழ் எந்த மூலை?

உலகம் இதை அறியாமல் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தின் 22ஆம் பிரிவு, அகதியின் வெளிநாட்டுப் பள்ளிச் சான்றையும் பட்டத்தையும் ஏற்பதில் இயன்ற அளவு சலுகை காட்ட வேண்டும் என்கிறது. இந்தியா அதில் கையெழுத்திடவில்லை. ஐரோப்பாவில் 1997இல் லிஸ்பனில் செய்த ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. காகிதத்தால் நிரூபிக்க முடியாத அகதியின் படிப்பையும் நியாயமாகச் சோதித்து அறிய வழி செய்யச் சொல்லிற்று. 2017இல் ஐரோப்பியக் கவுன்சில் அதை நடத்தியும் காட்டத் தொடங்கியது. இருக்கிற காகிதத்தைப் பார்க்கிறார்கள். ஆளை உட்கார வைத்து அந்தப் பாடத்திலேயே கேள்வி கேட்கிறார்கள். "இவர் இந்த அளவு படித்தவர்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இதற்கு ஒரு மேசையும் இரண்டு வாத்தியார்களும் போதாதா?

வெளிநாட்டை விடுங்கள், நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. மலையகத் தோட்டத் தொழிலாளர் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கும், பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களுக்கும் மத்திய சர்க்கார் உத்தியோகத் தேர்வுகளில் வயது வரம்பைத் தளர்த்தினார்கள். வேலை அறிவிப்பிலேயே அதை அச்சடித்தார்கள். மனம் இருந்தபோது மார்க்கம் இருந்தது!

"சரி, இதில் நமக்கு என்ன?" என்று உழைக்கும் தோழன் கேட்கலாம். "நம் பிள்ளைக்கே வேலை இல்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வயரிங் தெரிந்த ஒருவன் வருகிறான். இலங்கையில் தொழிற்பயிற்சி முடித்தவன். சான்று இங்கே செல்லாது என்பதால் காண்டிராக்டர் அவனை ஹெல்ப்பர் என்று எழுதுகிறார். வேலை வாங்குவதோ எலக்ட்ரீஷியன் வேலை. கொடுப்பது ஹெல்ப்பர் கூலி. மறுநாள் எழுமலைக்காரன் ஐ.டி.ஐ. சான்றோடு வந்து எலக்ட்ரீஷியன் கூலி கேட்டால் காண்டிராக்டர் என்ன சொல்வார்? "இதே வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்ய ஆள் இருக்கிறதப்பா" என்பார். ஆக, சான்று செல்லாததால் நம் பிள்ளைக்கு வேலை மிஞ்சவில்லை. காண்டிராக்டருக்கு லாபம் மிஞ்சுகிறது. அவன் கூலி இறங்கினால் நம் கூலியும் இறங்கும். அவனுக்கு முழுக் கூலி என்றால்தான் நமக்கும் முழுக் கூலி.

நம் வட்டாரத்துப் பிள்ளைகளும் வெளியே போகிறவர்கள்தாம். டிப்ளமாவைத் தூக்கிக்கொண்டு வளைகுடா போகிறவன் எத்தனை அலுவலகத்தில் முத்திரைக்கு நிற்கிறான்? ஒரு முத்திரை குறைந்தால் டெக்னீஷியன் வேலை போய்த் தொழிலாளி விசா கிடைக்கிறது. அங்கே நம் பிள்ளைக்கு நடந்தால் அநியாயம். இங்கே அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நடந்தால் சட்டமா?

"யாரோ பொய்ச் சான்றோடு வந்து டாக்டர் என்றால் உயிர் போகாதா?" என்பார்கள். போகும். அதனால்தான் சோதிக்கச் சொல்கிறோம். வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியனுக்கு 2002 முதல் தகுதித் தேர்வு நடக்கிறது. 300க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. தேர்வு வைக்கட்டும், கடுமையாகவே வைக்கட்டும். தேர்வு எழுதவே வழியில்லாமல் வாசலை அடைக்காதீர்கள் என்பதுதான் நம் வழக்கு.

காகிதம் என்ன செய்யும் என்பதை எழுமலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது எதற்காக? கைரேகை வைக்க மாட்டோம், குற்றப் பரம்பரை என்ற பட்டியலில் பேர் எழுத மாட்டோம் என்று ஒரு ஊரே நின்றதற்காக. அன்று சர்க்கார் காகிதம், படைக்காத குற்றத்தை மனிதன் தலையில் எழுதிற்று. இன்று சர்க்கார் காகிதம், படித்த படிப்பை மனிதன் தலையிலிருந்து அழிக்கிறது. மனிதனைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்க்கும் புத்தி அன்றும் இன்றும் ஒன்றே.

நாம் கேட்பது நான்கு. க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் இரண்டும் இங்கே எதற்குச் சமம் என்ற பட்டியலை எல்லாக் கல்லூரியிலும் ஐ.டி.ஐ.யிலும் ஒட்டுங்கள். மூலச் சான்று இழந்தவனுக்குத் தூதரக முத்திரை கேட்காமல் நேரில் சோதித்துச் சான்று கொடுங்கள். கைத்தொழில் தெரிந்தவனுக்குச் செய்முறைத் தேர்வு வையுங்கள். முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் திட்டம் 2015 முதல் இந்திய அரசிடமே இருக்கிறது. கட்டணம் வேண்டாம், கெடு வேண்டும்.

இதற்கெல்லாம் அடியில் குடியுரிமைக் கேள்வி கிடக்கிறது. 2019 சட்டம் மூன்று நாட்டாரைச் சேர்த்தது; இலங்கைத் தமிழனைச் சேர்க்கவில்லை. அந்தப் போராட்டம் நடக்கட்டும். அது முடியும்வரை இது காத்திருக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை என்று தண்டிப்பதில்லை என 2025 செப்டம்பரில் மத்திய அரசே ஆணையிட்டிருக்கிறது. ஆளுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம் என்று விட்டவர்கள், அவன் படிப்புக்கு மட்டும் ஏன் பாஸ்போர்ட் கேட்கிறார்கள்?

தோழர்களே! அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள். உங்கள் ஊர்ச் சாரத்தில் நிற்கிறவனிடம் என்ன படித்தாய் என்று கேளுங்கள். அவன் பெயரைச் சங்கத்தில் சேருங்கள். மேஸ்திரியின் கணக்கைத் திருத்தத் தெரிந்தவனுக்குச் சர்க்காரின் கணக்கையும் திருத்தத் தெரியும். நாம் அவனோடு நின்றால் போதும்.