பார்க்க எல்லாம் ஒன்றுதான்! இரும்புத் தகட்டில் "நம்பர்" மாறினால் உயிருக்கே ஆபத்து!!

இரும்புக் கடையில் அடுக்கி வைத்திருக்கும் கனத்த தகடுகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே கறுப்பு. "தகடுதானே சார், எதைப் போட்டா என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

அந்த நினைப்பு ஆளையே தீர்த்துவிடும்! உருக்கில் எந்த உலோகம் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

130 பேர் பலி

1944-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள கிளீவ்லேண்ட் நகரம். அங்கே இயற்கை வாயுவைக் குளிரவைத்து, திரவமாக்கி, பெரிய தொட்டிகளில் சேமித்து வைத்திருந்தார்கள். அன்று பிற்பகல் ஒரு தொட்டி திடீரென்று பிளந்தது!

வாயு தெருவெல்லாம் பரவியது. சாக்கடைக்குள்ளும் புகுந்தது. தீப்பிடித்ததும் சாக்கடை மூடிகள் வெடித்துப் பறந்தன. 130 பேர் பலியானார்கள்.

அந்தத் தொட்டி, 3.5 சதவீதம் நிக்கல் கலந்த உருக்கால் ஆனது. இந்த வாயு திரவமாக இருக்க, பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 160 டிகிரி குளிர் வேண்டும். அந்தக் குளிரில் அந்த உருக்கு வளைந்து கொடுக்காது. கண்ணாடி மாதிரி உடையும்!

இன்று இப்படிப்பட்ட தொட்டிகளுக்கு 9 சதவீத நிக்கல் தகடு போடுவதே வழக்கம். நம் எண்ணூரிலும் 2019 முதல் இந்த வாயு கப்பலில் வந்து இறங்குகிறது.

சூட்டுக்கு ஒன்று, தேய்மானத்துக்கு ஒன்று

கொதிகலன் கதை நேர்மாறு. 500 டிகிரிக்கு மேல் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் சாதாரண இரும்பு மெல்ல மெல்ல நீளும். ஒரு நாள் கிழியும். 2.25 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த தகடு அதைத் தாங்கும். பட்டறைகளில் இதற்கு "குரோம் மோலி" என்று பெயர்.

ஜல்லி ஏற்றும் லாரிக்கும், மண் அள்ளும் பொக்லைன் வாளிக்கும் வேறு தகடு. "400" நம்பர் தகடு, சாதாரண தகட்டைவிட சுமார் 3 மடங்கு கடினம். ஆனால் 250 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்தக் கடினம் போய்விடும். தாறுமாறாக கேஸ் கட்டிங் செய்தால் கொடுத்த காசு தண்டம்!

கண்டுபிடிப்பது எப்படி?

கண்ணால் பார்த்தால் தெரியாது. காந்தம் வைத்தாலும் தெரியாது. மேலே சொன்ன மூன்றிலுமே காந்தம் ஒட்டும்!

தகட்டில் குத்தியிருக்கும் "ஹீட் நம்பர்"தான் அதன் ஜாதகம். ஆலை கொடுக்கும் சோதனைச் சான்றிதழிலும் அதே நம்பர் இருக்கவேண்டும்.

இங்கேதான் பல பட்டறைகள் கோட்டை விடுகின்றன. தகட்டை வெட்டியதும் நம்பர் ஒரு துண்டோடு போய்விடும். மீதித் துண்டு மூலையில் கிடக்கும். ஆறு மாதம் கழித்து, அது என்ன தகடு என்று யாருக்குத் தெரியும்? "இதுவும் அதுதான்" என்று எதிலாவது வைத்துப் பற்றவைத்து விடுவார்கள்.

வெட்டுவதற்கு முன்பே மீதித் துண்டிலும் அந்த நம்பரைக் குத்திவிட வேண்டும். ஒரு சுத்தியல், ஒரு நம்பர் பஞ்ச், இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்யச் சோம்பல்பட்டால், அந்தத் துண்டின் பக்கத்தில் நின்று வேலை செய்பவன் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது!