சேற்று நிலத்திலிருந்து வானுக்கு

மாரி காலத்திலே படுவான்கரைப் பக்கம் போய் வந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வயல் வழியே வரும் மாட்டு வண்டி சேறான இடத்தை நெருங்கும்போது வண்டிக்காரன் மாடுகளை நிறுத்துவதில்லை. அதற்கு மாறாக, குரல் கொடுத்து முடுக்குகிறான். நின்றால் சில்லுப் புதைந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். புதைந்த சில்லைக் கிளப்புவதற்கு ஓடும் சில்லை ஓட்டுவதிலும் பன்மடங்கு பலம் வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

ஆகாய விமானம் ஓட்டப் பழகும் மாணவனுக்கும் இந்தப் பாடம் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையலாம். தார் போட்ட ஓடுபாதையில் ஓடி எழும்புவது ஒரு வித்தை. புல் வளர்ந்த நிலம், மணல், மழையில் ஊறிய மண் ஆகியவற்றிலிருந்து எழும்புவது மற்றொரு வித்தை. மெதுவான நிலம் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பறப்பதற்கு வேண்டிய வேகத்தை அது விமானத்துக்குக் கொடுக்க மறுக்கும்.

இந்த இழுப்பு எத்துணைக் கொடியது என்பதற்கு மியூனிக் நகரமே சாட்சி. 1958ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி மான்செஸ்டர் யுனைட்டட் உதைபந்தாட்டக் குழுவினரை ஏற்றிய விமானம் அங்கிருந்து மூன்றாம் முறையாக எழும்ப முயன்றது. 117 நொட் வேகத்தை எட்டிய விமானம், உருகிய பனிச்சேறு கிடந்த பகுதியில் நுழைந்ததும் 105 நொட்டுக்கு இறங்கியது. எழும்பவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. 23 உயிர்கள் பலியாயின. இறக்கையில் உறைந்த பனியைக் கவனிக்கவில்லை என்று கப்டன் ஜேம்ஸ் தெயின் மீது பழி சுமத்தப்பட்டது. பனிச்சேறே காரணம் என்று கூறி, பிரித்தானிய விசாரணை 1969இல் அவரைக் குற்றமற்றவராக்கியது. ஒரு மனிதரின் பெயரைக் கழுவப் பதினொரு ஆண்டுகள் சென்றன.

பெரிய விமானங்களுக்கு இன்று கணக்கும் கட்டுப்பாடும் உண்டு. சிறிய விமானத்தில் பயிலும் மாணவனுக்கோ கையின் பழக்கமே துணை. அவனுக்குச் சொல்லித் தரும் முறை இதுதான். ஓடுபாதைக்குத் திரும்பும்போது விமானத்தை நிறுத்தாதே. வரும் ஓட்டத்திலேயே இயந்திரத்துக்கு முழுச் சக்தியையும் கொடு. இறக்கையின் பின்னோரத்து மடிப்புகளை அளவாக இறக்கு. சுக்கானைப் பின்னுக்கு இழுத்து, முன் சக்கரத்தின் பாரத்தை முதலில் நிலத்திலிருந்து எடு. வேகம் ஏற ஏற இறக்கை பாரத்தைத் தாங்கத் தொடங்கும். சக்கரங்களின் சுமை குறையும். சேற்றின் பிடி தளரும். மூக்கு அளவுக்கு மிஞ்சி உயரும்போது சிறிது தளர்த்திக்கொள். வழக்கமான வேகம் வருவதற்கு முன்னரே விமானம் நிலத்தை விட்டு விடும்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. நிலத்தை விட்டது என்பதனால் பறக்கும் தகுதி வந்துவிட்டதாகாது. நிலத்துக்கு மிக அண்மையில் பறக்கும்போது, இறக்கைக்குக் கீழே தள்ளப்படும் காற்றை நிலம் தடுத்து நிற்கிறது. அதனால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் தடை குறைகிறது. இறக்கையின் முழு நீளத்துக்கு மேற்பட்ட உயரத்தில் இந்தச் சலுகை பெரும்பாலும் இல்லாது போகிறது. பயிற்சிக்குப் பயன்படும் சிறு விமானத்தின் இறக்கை ஏறக்குறைய 10 மீற்றர் நீளமுடையது. ஆகவே மாணவன் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, நிலத்தை ஒட்டினாற்போல் ஓடவிட்டு, வேகத்தைச் சேர்த்துக்கொண்ட பின்னரே மேலே ஏற வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் விமானம் மீண்டும் நிலத்தில் விழும்.

நமது வாவியிலே இதற்கு உதாரணம் உண்டு. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பில் கூழைக்கடா சிறகை விரித்தபடி, அடியாமல், நீரைத் தொட்டும் தொடாமலும் நெடுந்தூரம் வழுகிச் செல்வதைக் கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்கலாம். நீர்க்காகமோ நீரின் மேல் தத்தித் தத்தி ஓடியே எழும்புகிறது. எந்தப் பள்ளியிலும் படியாத பறவைகள் இவை.

மாணவனுக்கு மட்டும் பள்ளி வேண்டியிருக்கிறது. ஆனால் சேறு எங்கே? 1958இல் திறக்கப்பட்டு, பின்னர் விமானப் படையின் பொறுப்பில் இருந்து, 2016இல் புனரமைக்கப்பட்ட நமது மட்டக்களப்பு விமான நிலையத்தின் பாதையும் இன்று தார்ப் பாதையே. உலகின் பல பயிற்சி நிலையங்களிலும் நிலைமை இதுதான். எனவே ஆசிரியர், கெட்டியான பாதையையே சேறு என்று பாவனை செய்யச் சொல்லிப் பயிற்றுகிறார்.

சென்ற ஆண்டு, வெளிநாடொன்றில் விமானம் ஓட்டப் பயின்ற நமது பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். அவர் சொன்னதை இங்கே தருகிறோம்.

“சேர், முதல் நாள் சக்கரம் நிலத்தை விட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். உடனே மூக்கை உயர்த்தினேன். எச்சரிக்கை மணி அலறியது. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிச் சுக்கானை முன்னே தள்ளினார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே. நான்காம் முறை நானாகவே தாழ்த்திப் பிடித்தேன். ஓடுபாதை முடிகிற மாதிரி இருந்தது, பயமாகவும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.”

இதைக் கேட்டபின் நாம் சிறிது நேரம் பேசவில்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் நமக்கு அந்தக் கைகள் பெரிதாகத் தோன்றின. வறுமை என்றும், யுத்தம் என்றும், வெள்ளம் என்றும் மெதுவான நிலங்களிலிருந்து எழும்பும் பிள்ளைகளையே நாம் பயிற்றி வந்திருக்கிறோம். முதற் பரீட்சையில் தேறியவுடன், “இனி உயரப் பற” என்று தட்டிக்கொடுத்து அனுப்பியவர்களும் நாமே. சிலர் பறந்தார்கள். சிலர் முதல் ஆண்டிலேயே திரும்பி வந்தார்கள். அவர்களிடம் திறமை இல்லை என்று அப்போது நினைத்தோம். வேகம் சேரும் வரை தாழப் பறக்க நாம் சொல்லிக் கொடுக்கவில்லை என்று இப்போது நினைக்கிறோம்.

நேயர்களின் வீட்டிலும் அவ்விதம் எழும்பிய பிள்ளை இருக்கக்கூடும். சில மாதங்கள் அதன் சுக்கானில் உங்கள் கை இருக்கட்டும். தானாகவே தாழ்த்திப் பிடிக்கும் நாள் வந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னதிலும் பின்னது கடினமென்றே நமக்குத் தோன்றுகிறது.